பாமினியில் அடித்த நோட்ஸ்

கிளிநொச்சியில் வார இறுதிகளில் வெளிவாரிக் கலைமாணிப் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு அரசறிவியல் படிப்பிக்கிறேன். என் வகுப்பிலிருந்த விழிப்புலனற்ற மாணவி ஒருவருக்கு, அவரால் படிக்கவே முடியாத நோட்ஸை ஒரு முழுக் கல்வியாண்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன். தெரியாமல் செய்யவில்லை. முதல் மாதமே அவர் சொல்லிவிட்டார்.

"சேர், நீங்கள் அனுப்பின நோட்ஸை என்ர லப்டொப் வாசிக்குதில்லை. ஜே, கே, பி, ஓ எண்டு இங்கிலிஸ் எழுத்தாச் சொல்லுது."

அவர் பாவித்தது என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள். கண் தெரியாத அவுஸ்திரேலியர் ஒருவர் 2006 இல் தொடக்கியது; இலவசம்; தமிழையும் வாசிக்கும். பழுது அதில் இல்லை, என்னில்தான். நான் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தேன். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும். கணினிக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பார்த்துப் படிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. கேட்டுப் படிப்பவருக்கு ஒரு சொல்லும் கிடைக்காது. அதே நோட்ஸை யூனிகோடில் அடித்திருந்தால் போதும். அடித்து முடித்ததைக்கூட இணையத்திலுள்ள எழுத்துரு மாற்றியில் ஒட்டினால் சில நிமிட வேலை.

"ஆரையும் கொண்டு வாசிப்பிச்சுக் கேளுங்கோ பிள்ளை" என்றேன். "ஓம் சேர்" என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்கவேயில்லை.

வாசித்துக் கொடுத்தது அவருடைய தம்பி. அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்த பிள்ளை. தன் படிப்பு முடிந்து இரவு வாசிப்பானாம். 'இறைமை', 'சமஷ்டி', 'அதிகாரப் பரவலாக்கம்' எல்லாம் அவனுக்குப் புதுச் சொற்கள். களைத்துப் போனால் பந்தி பந்தியாக விட்டுவிடுவானாம். எது விடுபட்டது என்று அக்காவுக்கு எப்படித் தெரியும்? கையால் எழுதி, போனில் படமெடுத்து வைபரில் போட்ட பக்கங்களில் திரைவாசிப்பான் வாயே திறக்காது. அப்படியும் நிறைய அனுப்பினேன்.

இதே காலத்தில் டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினக் கூட்டமொன்றில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். போனேன். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், பொதுக் கட்டடங்களுக்கான 2006 ஆம் ஆண்டு அணுகல் ஒழுங்குவிதிகள், 2016 இல் இலங்கை ஏற்றுறுதி செய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயம், உயர்கல்வியைச் சொல்லும் அதன் 24 ஆம் உறுப்புரை என்று எல்லாம் சொன்னேன். சாய்தளம் இல்லாத கட்டடங்களையும் மின்தூக்கி இல்லாத மாடிகளையும் கண்டித்தேன். சொன்னதில் பிழையில்லை. ஆனால் அவை எல்லாம் வேறு யாரோ காசு ஒதுக்கிச் செய்ய வேண்டியவை. ஒரு சதமும் ஒதுக்காமல் நான் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. அதை நான் செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை? பழகின விசைப்பலகையை மாற்றப் பஞ்சி. அது பாதிக் காரணம். மற்றப் பாதியைச் சொல்லத்தான் நா எழவில்லை. அவர் பாஸ் பண்ணினாலே பெரிய காரியம் என்று மனதுக்குள் எப்போதோ முடிவுகட்டி விட்டேன். அதை இரக்கம் என்றும் நினைத்துக்கொண்டேன். வகுப்பிலிருந்த வேறு எந்தப் பிள்ளைக்கும் அப்படியொரு எல்லையை நான் போடவில்லை. முதல் வகுப்பு எடுக்கக்கூடியவர் என்று அவரைப் பற்றி நினைத்திருந்தால், அன்றிரவே அந்தக் கோப்புகளை மாற்றியிருப்பேன்.

வன்னியில் இருந்துகொண்டு இப்படி நினைத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. 2009 இல் போர் முடிந்த பிறகு கண்ணோ காலோ கையோ இழந்த ஒருவர் இல்லாத ஒழுங்கை இங்கே எங்கே இருக்கிறது? வள்ளிபுனம் இனிய வாழ்வு இல்லம் போன்ற இடங்களில் கண் தெரியாத, காது கேளாத பிள்ளைகள் எவ்வளவு பாடுபட்டுப் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கிளிநொச்சி அறிவியல் நகருக்குப் பல்கலைக்கழகப் பீடங்கள் வந்ததையும், 2021 ஓகஸ்டில் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகம் ஆனதையும் கொண்டாடினவன் நான். பல்கலைக்கழகம் எங்கட வாசலுக்கு வந்துவிட்டது என்று சொல்லித் திரிந்தேன்.

பெறுபேறு வந்தபோது என் பாடத்தில் அவருக்குச் சாதாரண சித்தி. யூனிகோடில் நோட்ஸ் கொடுத்த இன்னொரு ஆசிரியரின் பாடத்தில் ஏ. அதைப் பார்த்த பிறகுதான் அவரைக் கூப்பிட்டுப் பேசினேன். தம்பியின் கதை அப்போது தெரியவந்ததுதான். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சேர், அடுத்த பச்சுக்காவது மாத்திக் குடுங்கோ" என்றார். பரவாயில்லை என்று அவர் சொன்னதால் அந்த ஒரு வருடம் அவருக்குத் திரும்பக் கிடைக்காது.

இப்போது எல்லாம் யூனிகோடில்தான். பலகையில் வரைவதை வாயாலும் விளங்கப்படுத்துகிறேன். ஆனால் பழைய பாமினி நோட்ஸ் என் பெயரோடு ஃபோட்டோகொப்பிக் கடைகளிலும் பழைய மாணவர்களின் பென் டிரைவ்களிலும் இன்னும் சுற்றுகிறது. வைத்திருப்பவர்கள் அதை வேறு பிள்ளைக்குக் கொடுக்க முன் என்னைக் கேளுங்கள். மாற்றியதை அன்றைக்கே அனுப்பிவைக்கிறேன்.