ஒரு ஃபேன், ஒரு லைட், ஒரு விதிப்பிழை

பி.காம். படிக்கிற பையனுக்கு வயரிங்கில் என்ன வேலை என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். நம் கணக்கியல் புத்தகத்தில் இருக்கிற ஒரு விஷயம் எனக்கு வகுப்பில் புரிந்ததைவிட சீலிங்கைப் பார்த்து நின்றபோதுதான் நன்றாகப் புரிந்தது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இது உங்கள் வீட்டு சுவிட்ச் போர்டுக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்.

எங்களுடையது பழைய வாடகை வீடு. நடு ரூமுக்கு ஜன்னல் கிடையாது. ட்யூப்லைட் பீரோவுக்குப் பின்பக்கச் சுவரில் இருப்பதால், தங்கை பிளஸ் டூ புத்தகத்தை விரித்தால் எழுத்து மேல் அவள் நிழலே விழும். அதனால் நடுவில் லைட் வைத்த சீலிங் ஃபேன் ஒன்று வாங்கினோம். இது ஏதோ புது கண்டுபிடிப்பு என்று நினைக்காதீர்கள். 1880-களில் அமெரிக்காவில் தையல் மிஷின் மோட்டாரைக் கொண்டு சீலிங் ஃபேன் செய்த ஃபிலிப் டீல் என்பவரே, பிற்பாடு அதில் விளக்கையும் சேர்த்துவிட்டார்.

மாட்டித் தர வந்தவர் எங்கள் தெரு வயர்மேன் அண்ணன். கூடமாட ஒத்தாசைக்கு நான்.

முதலில் அவர் சொன்ன கணக்கு. சாதாரண ஃபேனுக்குக் கரண்ட் போக பேஸ் ஒன்று, திரும்பி வர நியூட்ரல் ஒன்று, பாதுகாப்புக்கு எர்த் ஒன்று. லைட்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? ஃபேனுக்குத் தனி பேஸ், லைட்டுக்குத் தனி பேஸ் வேண்டும். நியூட்ரல் இரண்டுக்கும் பொதுவாக ஒன்று போதும். எர்த்தும் ஒன்று போதும். ஆக நான்கு வயர்.

சுவிட்ச் போர்டில் பேஸ் வயரை இரண்டு சுவிட்சுக்கும் லூப் அடிக்க வேண்டும். முதல் சுவிட்சிலிருந்து ரெகுலேட்டர் வழியாக ஃபேனுக்கு. இரண்டாவது சுவிட்சிலிருந்து நேராக லைட்டுக்கு. நியூட்ரல் எந்த சுவிட்சையும் தொடாமல் நேரே மேலே போய்விட வேண்டும். அவ்வளவுதான்.

"ரெண்டையும் ஒரே சுவிட்சில் கொடுத்தா என்னண்ணே?" என்று கேட்டேன். எரியும், ஓடும். ஆனால் லைட் வேண்டும்போதெல்லாம் ஃபேனும் சுற்றும். அதோடு ரெகுலேட்டர் வழியாகப் போனால், ஃபேன் வேகத்தைக் குறைக்கும்போது லைட்டுக்குப் போகிற கரண்டும் குறையும். சாதாரண எல்.இ.டி. அதற்கென்று செய்யப்பட்டதில்லை, கண் சிமிட்டும். (ரிமோட்டோடு வருகிற பி.எல்.டி.சி. ஃபேன் வாங்குபவர்கள் கவனிக்க: அதைச் சுவர் ரெகுலேட்டரில் கொடுக்கவே கூடாது. உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக்ஸுக்கு முழு வோல்டேஜ் வேண்டும்.)

இது வரை எல்லாம் சுமுகம். பழைய ஃபேனைக் கழற்றத்தான் அவர் ஏணியில் ஏறினார். ஏறுவதற்கு முன் டெஸ்டரை வேறு ஒரு பிளக்கில் செருகி அது எரிகிறதா என்று பார்த்துக்கொண்டார். செத்த டெஸ்டரை நம்பி ஏறக் கூடாதாம். ஃபேன் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு, மெயினை மட்டும் அணைக்காமல் மேலே போனார். மூடியை இறக்கி, கனெக்டரில் டெஸ்டரை வைத்தார்.

எரிந்தது.

இரண்டாவது முனையிலும் வைத்தார். அதிலும் எரிந்தது. சுவிட்ச் ஆஃபில்தான் இருந்தது, நானே பார்த்தேன். அவர் ஒன்றும் பேசாமல் இறங்கி வந்து மெயினை அணைத்தார். அப்புறம் போர்டைக் கழற்றினார். உள்ளே எல்லா வயரும் சிவப்பு! ஒரு காயில் 90 மீட்டர். இன்னொரு கலர் காயில் வாங்காமல், இருந்த சிவப்பை வைத்தே யாரோ எப்போதோ வேலையை முடித்திருக்கிறார்கள். எது பேஸ், எது நியூட்ரல் என்று தெரியாமல், நியூட்ரல் வயரைக் கொண்டுபோய் சுவிட்சில் மாட்டியிருக்கிறார்கள். பேஸ் நேராக ஃபேனுக்கு.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுதானே தம்பி ஒவ்வொரு தடவையும் தொடைக்கிறேன்" என்றார்.

"பண்ணீங்கக்கா. ஆனா ஆஃப் ஆகல" என்றார் அண்ணன்.

இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷம். ஒவ்வொரு போகிக்கும் முந்தின வாரம் அம்மா இரும்பு ஸ்டூலில் ஏறி, ஈரத்துணியால் அந்த ஃபேனைத் துடைப்பார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பது நான்.

சரி, என்ன நடந்திருக்கிறது என்று பார்ப்போம். பேஸ், ஃபேன், நியூட்ரல் என்பது ஒரு வட்டம். அதை எந்த இடத்தில் வெட்டினாலும் ஃபேன் நிற்கும். பேஸ் பக்கம் வெட்டினால் ஃபேன் வரைக்கும் கரண்ட் வராது. நியூட்ரல் பக்கம் வெட்டினால் 230 வோல்ட் ஃபேன் காயில் முழுக்க வந்து, போக வழியில்லாமல் காத்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் கனெக்டரின் இரண்டு முனையிலும் டெஸ்டர் எரிந்தது. அந்த முனையைத் தொடுகிற ஆள்தான் அதற்கு வழி. காயிலின் இன்சுலேஷன் நன்றாக இருக்கும் வரை இறக்கையைத் துடைப்பவருக்கு ஒன்றும் ஆகாது. அது பழுதாகி, எர்த்தும் இல்லாவிட்டால், சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போதே ஃபேன் பாடி முழுக்க கரண்ட் இருக்கும். எங்கள் ஃபேனுக்கு எர்த் வயர் கிடையாது என்பதையும் அன்றுதான் பார்த்தோம்.

இப்போது நம் பாடத்துக்கு வருகிறேன். இருப்பாய்வு போடுகிறோம். பற்றும் வரவும் சமமாக வந்துவிட்டால் நிம்மதி. ஆனால் சமமாக வந்தாலும் கண்டுபிடிக்க முடியாத பிழைகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறதே, அதில் ஒன்று விதிப்பிழை. ஆபீசுக்கு மேஜை வாங்கிவிட்டு அதைக் கொள்முதல் கணக்கில் எழுதினால் கூட்டல் சரியாகத்தான் வரும். தொகையில் தப்பு இல்லை, போய் உட்கார்ந்த இடம்தான் தப்பு. தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்திருக்கிறேன். நிஜத்தில் ஒன்றைப் பார்த்தது அன்றுதான். சுவிட்ச் போட்டால் ஃபேன் ஓடும், அணைத்தால் நிற்கும். கணக்கு டாலி! சுவிட்ச் உட்கார்ந்த இடம்தான் தப்பு.

ஹவுஸ் ஓனரிடம் போனில் சொன்னபோது அவர் சொன்னது: "இத்தனை வருஷம் நல்லாத்தானே ஓடிச்சு?" அவரைக் குறை சொல்ல மாட்டேன். விதிப்பிழையின் குணமே அதுதான், அது நன்றாக ஓடும். சுவிட்சை நியூட்ரலில் மட்டும் தனியாக வைக்கக் கூடாது என்பது 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே, 32-ஆவது விதியில் இருந்தது. சட்டம் இருந்தும் சுவருக்குள்ளே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

"ட்ரிப்பர் வைத்தால் காப்பாற்றிவிடுமே" என்பீர்கள். அதையும் கேட்டேன். எம்.சி.பி. என்பது வயரைக் காப்பாற்ற. 6 ஆம்பியர், 10 ஆம்பியர் என்று அளவு போட்டிருக்கும். எங்கள் பழைய ஃபேன் 75 வாட், கிட்டத்தட்ட 0.33 ஆம்பியர்தான் எடுக்கும். அதைவிடக் குறைந்த கரண்டே ஒரு ஆளைக் கொல்லப் போதும். எம்.சி.பி.க்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆர்.சி.சி.பி. வேறு ரகம். அது நம் ஆள், அசல் கணக்காளர்! பேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வைக்கிற வகையில் வித்தியாசம் 30 மில்லியாம்பியர், அதாவது 0.03 ஆம்பியர் வந்தாலே கண நேரத்தில் துண்டித்துவிடும். அந்தக் குறைந்த தொகை யாரோ ஒருவர் உடம்பு வழியாகப் போயிருக்கலாம் அல்லவா?

ஆனால் அதுவும் இருப்பாய்வு மாதிரிதான். சுவிட்ச் தப்பான வயரில் இருப்பதை அது சொல்லாது. கை பட்ட பிறகுதான் அதற்குத் தெரியும். பிழையைத் திருத்துவது வேறு, பிழை நடந்தால் தப்பிக்க ஏற்பாடு செய்வது வேறு. இரண்டும் வேண்டும்.

இரண்டையும் செய்தோம். பழைய வயரின் முனையில் புது வயர்களைக் கட்டி பைப்புக்குள் இழுத்தார் அண்ணன். ஃபேனுக்குச் சிவப்பு, லைட்டுக்கு மஞ்சள், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. மற்ற ரூம் போர்டுகளையும் கழற்றிப் பார்த்தார், அவை சரியாக இருந்தன. ஆர்.சி.சி.பி. செலவில் ஓனர் பாதி, நாங்கள் பாதி. (பேசி வாங்கியது அம்மா. பி.காம். படித்தவர்கள் தோற்றுப் போவார்கள்!)

நீங்கள் செய்யக்கூடியது மூன்று. ஒன்று, சுவிட்சை ஆஃப் செய்த பிறகும் எல்.இ.டி. பல்ப் மங்கலாக மினுங்கினால் விடாதீர்கள். சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும் அப்படி வரும். அது இல்லாமலே மினுங்கினால் நியூட்ரலில் சுவிட்ச் இருக்கலாம். இரண்டு, வீட்டுக்கு எலக்ட்ரீஷியன் எந்த வேலைக்கு வந்தாலும், "சுவிட்ச் எல்லாம் பேஸிலதான் இருக்கா, கொஞ்சம் பாருங்கண்ணே" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவருக்கு ஐந்து நிமிஷ வேலை. நீங்களே போர்டைக் கழற்ற வேண்டாம். மூன்று, பல்ப் மாற்றவோ ஃபேன் துடைக்கவோ ஏறினால் மெயினை அணைத்துவிட்டு ஏறுங்கள். சீரியல் ஓடிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை.

தங்கை இப்போது நடு ரூமில்தான் படிக்கிறாள். நிழல் விழுவதில்லை. படிக்காமல் இருப்பதற்கு வேறு காரணம் தேடிக்கொண்டிருக்கிறாள் :-)