யப்பான் மீன்

இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள பாசிக்குடாவில் கடலுக்குள் நடந்தே போகலாம். பவளப்பாறை அலையைத் தொலைவிலேயே நிறுத்திவிடுவதால் குடாவுக்குள் நீர் குளம்போலக் கிடக்கிறது. வெகுதூரம் நடந்த பிறகும் இடுப்பைத் தாண்டுவதில்லை. ஜூலை மாதத்து மாலை ஒன்றில் அந்த வெதுவெதுப்பான நீரில் ஊறிக் கரையேறியபோது நல்ல பசி. பெரிய விடுதிகளின் மதில்களைக் கடந்து கல்குடாப் பக்கம் நடந்தேன். தகரக் கூரை, நான்கு மேசைகள், வாசலில் சாய்த்து வைத்த ஒரு கரும்பலகை. கொத்து, புட்டு, இறால் கறி என்று போகும் வரிசையின் அடியில், வெண்கட்டியால் தமிழில் 'சூஷி' என்று எழுதியிருந்தது.

தூத்துக்குடிக்காரன் நான். மீன் நாற்றம் பட்டே வளர்ந்தவன். இருந்தும் அந்தச் சொல்லை அந்த எழுத்தில் அந்த இடத்தில் பார்த்ததும் கால் நின்றுவிட்டது.

உள்ளே ஓர் இளைஞர் பலகையில் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோஹாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் ஆறு வருடம் வேலை பார்த்தவர். பாத்திரம் கழுவப் போய், காய் வெட்டி, கடைசியில் சூஷி மேசைக்கு உதவியாளாக நின்று, வேலையைக் கண்ணால் பார்த்தே கற்றுக்கொண்டாராம். ஊர் திரும்பியபோது கையில் கொஞ்சம் காசும் ஒரு நல்ல கத்தியும் இருந்தன. இந்தக் கரையிலே 1970களிலேயே சுற்றுலா விடுதிகள் இருந்தன. போர் அவற்றைக் காலியாக்கியது. 2004 டிசம்பர் 26இல் கடலே ஏறி வந்தது. 2009இல் போர் முடிந்த பிறகுதான் விடுதிகள் மறுபடி எழுந்தன. அந்த விடுதிகளின் மதிலுக்கு வெளியே, அவற்றின் விருந்தாளிகளை நம்பியும் ஊர்ச்சனத்தை நம்பியும் இவர் கடை போட்டிருக்கிறார்.

"அண்ணன், சூஷியெண்டா எல்லாரும் பச்சை மீனெண்டு நினைக்கிறாங்க. சூஷியெண்டா சோறு. மீன் பிறகுதான்" என்றார்.

அது உண்மை. சூஷி என்ற சொல் குறிப்பது வினாகிரி கலந்த சோற்றைத்தான். அதன் மேல் பச்சை மீன் வரலாம், அவித்த இறால் வரலாம், வாட்டிய விலாங்கும் வரலாம். ஆகவே இந்தத் தொழிலில் முதல் கவலை அரிசி. தொடக்கத்தில் கொழும்பிலிருந்து ஜப்பான் அரிசி வாங்கியிருக்கிறார். 2022 பொருளாதார நெருக்கடியில் வெளிநாட்டுச் சாமான் கிடைப்பதே பெரும்பாடானபோது அதுவும் நின்றது. கடையை மூடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவரைக் காப்பாற்றியது அவருடைய அம்மா. "புக்கை அரிசி ஒட்டாதா மனே?" என்று கேட்டாராம். பொங்கலை இங்கே புக்கை என்பார்கள். அதற்குப் போடும் வெள்ளைப் பச்சை அரிசி வெந்தால் குழைந்து ஒட்டும். வினாகிரிக்குத் தென்னை வினாகிரி. இப்படிப் பத்துப் பதினைந்து முறை அவித்துப் பார்த்து, தண்ணீரின் அளவைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மட்டக்களப்பின் படுவான்கரை வயல்களில் விளையும் அரிசி இப்போது ஜப்பானியச் சாப்பாட்டுக்கு அடித்தளம்.

மீன் வாழைச்சேனையிலிருந்து வருகிறது. பக்கத்திலேயே இருக்கிறது அந்தத் துறைமுகம். ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் படகுகள் அங்கேதான் கட்டுகின்றன. அவை கொண்டுவரும் பெரிய மீன் மஞ்சள் துடுப்புச் சூரை. சந்தையில் அதைச் சிங்களப் பெயரால் கெலவல்லா என்பார்கள். இலங்கையின் கெலவல்லா ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஐஸில் படுத்தபடி விமானத்தில் போகிறது. சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று சொல்லி ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் தடை போட்டு, 2016 ஜூனில்தான் விலக்கிக்கொண்டது. எங்கோ ஒரு மேசையில் ஒரு தட்டு விலகினால் இங்கே படகுக்காரர் வீட்டு உலை தணிகிறது.

"முதல் தரம் பிளேன் ஏறிடும். எனக்குக் கிடைக்கிறது கடைசி நாள் பிடிச்ச சின்ன மீன். வெட்டினா உள்ளுக்க சிவப்பா, கண்ணாடி மாதிரி இருக்கணும். கருத்திருந்தா அண்டைக்குப் பலகையில சூஷி இல்ல."

சூரை இன மீன் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்ற நச்சு ஊறும். அதைச் சமைத்தாலும் போக்க முடியாது. பச்சையாகத் தின்னக் கொடுப்பவருக்கு இது விளையாட்டில்லை. அதனால் வாரத்தில் பாதி நாள் கரும்பலகையின் கடைசி வரி அழிந்தே கிடக்கிறது. வாவி என்று இங்கே சொல்லும் உப்பங்கழியின் மீனை அவர் பச்சையாகத் தொடுவதே இல்லை. நன்னீரிலும் உவர்நீரிலும் வாழும் மீனில் ஒட்டுண்ணி இருக்கலாம் என்று தோஹாவில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வாவி இறாலை மட்டும் வாங்கி, ஈர்க்கில் குத்தி நிமிர்த்தி, அவித்து வைக்கிறார். இல்லை என்று எழுதத் தெரிந்த கடையை நம்பிச் சாப்பிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

தட்டு வந்தது. வாழை இலைத் துண்டின் மேல் ஆறு பிடி. நான்கில் சிவந்த சூரை, இரண்டில் இறால். "கையாலேயே எடுங்க அண்ணன், அதுதான் முறை" என்றார். எனக்கு அதற்கு அனுமதி தேவையில்லை. சோறு உடல் சூட்டில் இருந்தது, மீன் குளிர்ந்திருந்தது. புளிப்பு முதலில் நாக்கைத் தொட்டது, பிறகு அரிசியின் இனிப்பு, கடைசியாகக் கடல். சூரையை இப்படி நான் அறிந்ததில்லை. எங்கள் ஊரில் அது கருவாட்டுக்கும் குழம்புக்கும் போகிற மீன், விருந்தாளிக்கு வைக்கிற மீனல்ல. ஒரு மீனை ஐம்பது வருடம் தெரிந்திருந்தும் அதன் சொந்தக் குரலை முதல்முறையாகக் கேட்பதுபோல இருந்தது.

சோற்றைக் கையில் பிடித்து மேலே மீனை வைக்கும் இந்த வகைக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் நிகிரி. பிடித்தது என்று பொருள். 1820களில் எடோ நகரத்தில், அதாவது இன்றைய தோக்கியோவில், வேலைக்கு ஓடுகிற சனம் நின்றபடி தின்னத் தெருக்கடைகளில் பரவியது. ஆனால் சூஷியின் மூத்த வடிவம் வேறு. உப்பிட்ட மீனைச் சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் புளிக்கவைப்பார்கள். மீனைத் தின்று சோற்றை எறிந்துவிடுவார்கள். பிவா ஏரிக்கரையில் ஃபுனாசூஷி என்ற பெயரில் இன்றும் அதைச் செய்கிறார்கள். தென்கிழக்கு ஆசியாவின் ஆற்றங்கரை வயல்களில் பிறந்து ஜப்பானுக்குப் போன பழக்கம் அது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. வயலும் நீரும் ஒட்டிக்கிடக்கிற இடத்தில்தான் இப்படி ஒரு யோசனை பிறக்கும். மட்டக்களப்பு அப்படிப்பட்ட இடம்.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "பச்சை மீனை நான் வாயில வைக்கமாட்டன். நீங்க சாப்பிடுங்க மனே. அந்தப் பிடிக் கொழுக்கட்டையோட இதையும் தொட்டுப் பாருங்க" என்று ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்தார். மாசிச் சம்பல். எனக்குச் சிலிர்த்தது. மாசி எங்கள் ஊர்ச் சரக்கு. சூரையை அவித்து, முள் களைந்து, புகையூட்டி, வெயிலில் கட்டையாகக் காயவைப்பது. மாலத்தீவிலும் மினிக்காயிலும் செய்வார்கள், தூத்துக்குடியிலும் செய்து இலங்கைக்குக் கப்பலேற்றுவார்கள். ஜப்பானியரும் அதே இன மீனை அதேபோல அவித்து, புகையூட்டி, பூஞ்சணம் பூக்கவிட்டு இன்னும் இறுகவைக்கிறார்கள். அதன் பெயர் கத்சுவோபுஷி. அவர்கள் இழைப்புளியில் சீவி ரசத்துக்குப் போடுகிறார்கள், நாம் உரலில் இடித்துச் சம்பலுக்குப் போடுகிறோம். இரண்டு தீவுகளின் அடுக்களைக்கும் ஆதாரச் சுவை ஒன்றே. மகன் அதைப் பார்த்துக் கற்றவர். தாய் படிக்காமலே கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் காலை தெற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் பஸ்ஸில் போய் மட்டக்களப்பில் இறங்கினேன். கல்லடியில் வாவியின் மேல் இரண்டு பாலங்கள். ஆளுநர் மேனிங்கின் மனைவி பெயரில் பிரித்தானியர் கட்டிய பழைய இரும்புப் பாலம் ஒன்று, பக்கத்தில் 2013இல் திறந்த புதுப்பாலம். பௌர்ணமி இரவுகளில் இந்தப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தால் பாட்டுக் கேட்கும் என்பார்கள். 1950களில் அமெரிக்க யேசுசபைத் துறவி லாங் அடிகளார் அந்த ஒலியைப் பதிவுசெய்தார். இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. மீன் பாடும் தேன்நாடு என்று ஊருக்கே பெயர். ஆனால் வாவியில் தொழில் செய்கிறவர்களைக் கேட்டால், பாடுவது மீனில்லை, ஊரி என்கிறார்கள். சேற்றில் கிடக்கும் சின்ன நத்தை. பெயர் மீனுக்குப் போய்விட்டது, பாட்டு ஊரியிடமே இருக்கிறது.

சுமார் 56 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் இந்த வாவி பாலமீன்மடுவிலும் கல்லாற்றுப் பக்கத்திலும் கடலைத் தொடுகிறது. மாரி மழையில் வெள்ளம் வயலேறும்போது முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிடுவார்கள். வெள்ளம் வடிந்து வேளாண்மை பிழைக்கும். திறந்த வாயால் கடல்நீரும் இறால் குஞ்சும் உள்ளே ஏறும். சோற்றுக்கும் மீனுக்கும் வாசல் ஒன்றுதான். அந்த வாயை எப்போது திறப்பது என்பதில் வயல்காரர் மனமும் வலைக்காரர் மனமும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. ஆனாலும் இருவர் வீட்டுத் தட்டிலும் இரண்டும் சேர்ந்தே விழுகின்றன.

கரையில் ஒரு பெண் வீச்சுவலைக்காரரிடம் வாங்கிய மீனைக் கூறுபோட்டுக்கொண்டிருந்தார். கூனி இறால், மணலை, கையகல நண்டு. ஓரத்தில் சாம்பல் நிறத்தில் தட்டையாக ஒரு குவியல். என்ன மீன் அக்கா என்று கேட்டேன்.

"இதா? யப்பான் மீன்."

திலாப்பியா அது. ஆப்பிரிக்காவில் பிறந்தது. 1950களில் இலங்கைக் குளங்களில் கொண்டுவந்து விட்டார்கள். எங்கிருந்தோ வந்தது என்பதற்கு அடையாளமாகவோ என்னவோ யாரோ ஜப்பானின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். அதன் பிறப்பிடம் ஜப்பான் அல்ல. இன்று ஏழை வீட்டுச் சட்டியில் அதிகம் கொதிப்பது அதுதான். அதை அந்நியம் என்று யாரும் சொல்வதில்லை.

அப்போதுதான் முந்தின இரவுச் சாப்பாடு எனக்கு முழுதாக விளங்கியது. ஒரு சாப்பாட்டின் ஊர் அதன் பெயரில் இல்லை. அது எந்த நீரில் பிடித்தது, எந்த வயலில் விளைந்தது, எந்தக் கை பிடித்துக் கொடுத்தது என்பதில் இருக்கிறது. மதிலுக்குள் இருக்கிற விருந்தாளிக்குக் காட்டுவதற்காக அல்லாமல், கெலவல்லா கருத்திருந்தால் பலகையை அழித்துவிடுகிற அந்தத் தம்பியின் கைப்பிடி மட்டக்களப்புச் சாப்பாடுதான். இந்தக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் வாழ்ந்த வாழ்வைப் புட்டும் தேங்காய்ப்பூவும் போல என்பார்கள். அந்த வாழ்வு பட்ட காயங்கள் சின்னவையல்ல. ஆனாலும் அதைச் சொல்ல ஊர் தேடிய உவமை சாப்பாட்டுத் தட்டிலிருந்து வந்தது. வேறுவேறாக விளைந்தவை ஒரே குழலுக்குள் அவிந்தால் ஒன்றாகிவிடும் என்பது அடுக்களை அறிந்த உண்மை.

மதியம் பாலத்தருகே ஒரு சோற்றுக்கடையில் யப்பான் மீன் குழம்பு கேட்டேன். சிவப்பரிசிச் சோறு, பாற்சொதி, பாதித் தேசிக்காய். புளிப்பைச் சோற்றில் பிழிந்தேன். மூன்று விரலால் அழுத்தி ஒரு பிடி பிடித்தேன். முள் நீக்கிய மீன் துண்டை அதன் மேல் வைத்தேன். பரிமாறிய அம்மா பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா மனே?"

"ஓம்" என்றேன், அவருடைய சொல்லிலேயே.