சூடான் தேடிய நண்பர்கள்

நாடுகளின் நட்புக்கும் விலை உண்டு என்பதைச் சூடானின் அண்மைக்கால வரலாற்றைப் போல் அப்பட்டமாகக் காட்டும் வேறொன்றை நான் படித்ததில்லை. 1993-இல் அமெரிக்கா அந்நாட்டைப் பயங்கரவாதத்திற்குத் துணைபோகும் நாடுகளின் பட்டியலில் சேர்த்தது; 1997-இல் வணிகத் தடையும் விதித்தது. ஆயினும் வேலமரத்துப் பிசினுக்கு மட்டும் வழி விட்டது. அது இல்லாமல் குளிர்பானம் செய்வது கடினமாயிற்றே!

மேலை நாட்டு நிறுவனங்கள் விலகிய எண்ணெய் வயல்களுக்குச் சீனா வந்தது, மலேசியா வந்தது; 2003-இல் நம் இந்திய அரசு நிறுவனமும் 25 விழுக்காட்டுப் பங்கை வாங்கிற்று. 2011-இல் தெற்கு சூடான் பிரிந்தபோது எண்ணெயில் ஏறத்தாழ முக்கால் பங்கு அதனோடு போய்விட்டது.

அதன்பின் விற்பதற்கு நட்பைத் தவிர வேறென்ன இருந்தது? பல்லாண்டுத் தோழமை கொண்டிருந்த ஈரானின் பண்பாட்டு நிலையங்களை அதிபர் உமர் அல் பஷீர் 2014-இல் மூடினார். மறு ஆண்டு சவூதி அணியில் சேர்ந்து யமனுக்குப் படை அனுப்பினார். 2016 ஜனவரியில் ஈரானுடன் உறவையே முறித்தார். வணிகத் தடை 2017 அக்டோபரில் நீங்கியது. பட்டியலிலிருந்து பெயர் நீங்கவில்லை. அடுத்த மாதமே ரஷ்யாவுக்குச் சென்று, அமெரிக்காவிடமிருந்து தம்மைக் காக்குமாறு புடினிடம் வேண்டினார். டிசம்பரில் துருக்கி அதிபர் எர்துகானுக்குச் சுவாகின் தீவைப் புதுப்பிக்கும் பொறுப்பை அளித்தார். ஆப்பிரிக்க ஹாஜிகள் தலைமுறை தலைமுறையாக ஜித்தாவுக்குக் கப்பலேறிய பழந்துறைமுகம் அது. பயண நூல்களில் அதன் பெயரைக் கண்டு மகிழ்ந்த எனக்கு, அதுவும் பேரப்பொருளானது நெஞ்சை உறுத்தியது.

இத்தனை நண்பர்களில் ஒருவரும் 2019 ஏப்ரலில் பஷீரைக் காக்கவில்லை. ரொட்டி விலை உயர்வைக் கண்டு தெருவுக்கு வந்த மக்களின் கிளர்ச்சி முற்றி, இராணுவமே அவரை அகற்றியது.

எனினும் பழைய கணக்கு மக்கள் தலையில்தான் விழுந்தது. 1998-இல் கென்யாவிலும் தான்சானியாவிலும் அமெரிக்கத் தூதரகங்களைத் தாக்கியோருக்குப் புகலிடம் தந்திருந்தது பஷீர் ஆட்சி. பாதிக்கப்பட்டோருக்கான 33.5 கோடி டாலரைச் செலுத்த நேர்ந்ததோ, அவ்வாட்சி வீழ்ந்தபின் வந்த ஏழை அரசு. இஸ்ரேலுடன் உறவுக்கும் அது இசைந்தது. 1967-இல் அரபு நாடுகள் கூடி, இஸ்ரேலுடன் சமாதானமில்லை, அங்கீகாரமில்லை, பேச்சில்லை என்று முழங்கிய நகரம் அந்நாட்டின் தலைநகரான கார்ட்டூம்தான். 2020 டிசம்பரில் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டது.

2023 ஏப்ரலில் படைத்தலைவர்களின் போர் மூண்டு, அரசு கார்ட்டூமை விட்டுப் போர்ட் சூடான் துறைமுகத்திற்கு இடம்பெயர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில், முறித்த ஈரானிய உறவை அது மீண்டும் புதுப்பித்துக்கொண்டது.