குப்பி கழுவிய கை

ஆய்வுக்கூடமொன்றில் பகுதிநேர உதவியாளராய் அமர்ந்த நம் பழைய மாணவர், கலங்களைக் கழுவுவதே தம் கல்வியாயிற்று என வருந்தி மடல் விடுத்தார். அவருக்கு நாம் கால்வின் பிரிட்ஜஸின் வரலாற்றை எழுதினோம்.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், மோர்கனின் பழ ஈ ஆய்வறையில் குப்பி கழுவ அமர்ந்த மாணவர் அவர். கழுவவிருந்த குப்பியின் தடித்த கண்ணாடியூடே, வழக்கத்தினும் ஒளிர்ந்த செந்நிறக் கண்ணுடைய ஈயைக் கண்டுரைத்தார். ஆய்வுத் துணைவராய் உயர்ந்தார். மரபணுக்கள் குரோமோசோம்களில் உறைவதற்குச் சான்று தந்த அவர் கட்டுரை, 1916இல் 'ஜெனிட்டிக்ஸ்' இதழின் முதல் தொகுதியில் வெளிவந்தது. 1933இல் நோபல் பரிசு பெற்ற மோர்கன், அத்தொகையில் பிரிட்ஜஸின் பிள்ளைகளுக்கும் பங்களித்தார்.

உஸ்தாதுக்குக் கித்மத் செய்து கற்ற நமக்கு ஊழியம் இழிவன்று. ஆயினும், கழுவும் கைக்குக் கூலியும் காணும் கண்ணுக்குப் பெயரும் தருதல் ஆசிரியர் கடன். அது தவறிய கூடத்தில் மாணவர் கழுவுவது வெறுங் கலங்களையே.