பயற்று மூட்டை

உயிருள்ளவற்றின் அடையாளங்களைப் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்திருக்கிறேன்: உண்ணல், சுவாசித்தல், வளர்தல், அசைதல், கழிவகற்றல், உணர்தல், இனம் பெருக்கல். முழு மார்க்! ஆனால் டப்பாவிலுள்ள பயற்றுக்கும் முற்றத்துக் கூழாங்கல்லுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது.

பாட்டி பச்சைப் பயற்றை ஊறவைத்து, ஈரத்துணியில் மூட்டையாகக் கட்டிவைப்பாள். மறுநாள் காலை என் கையைப் பிடித்து அதற்குள் விட்டாள். வெதுவெதுவென்றிருந்தது.

"அடுப்புப் பக்கம் வச்சியா, பாட்டி?"

"இல்லேடா. அது மூச்சு விடறது."

உண்மைதான். முளைக்கும் பயறு பிராணவாயுவை வாங்கி, தன்னுள் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தைச் செலவழித்து, கரியமில வாயுவை விடுகிறது. பிறக்கும் சக்தியில் ஒரு பங்கு சூடாகிறது. நம் உடம்புச் சூட்டுக்கும் கணக்கு இதுவே.

காய்ந்த விதையில் இந்த வேலை ஏறக்குறைய நின்றிருக்கும், உயிர் போயிராது. இஸ்ரேலில் மஸாடாக் கோட்டை இடிபாட்டில் கிடைத்த பேரீச்சங்கொட்டை, சுமார் 2000 வருஷம் கழித்து, 2005-ல் முளைத்தது.

மனித உடம்புக்கு அந்தப் பொறுமை ஏது? பாட்டியின் கடைசி இரவில் அவள் கை என் கைக்குள் இருந்தது. விடிவதற்குள் ஆறிவிட்டது.

இன்றும் எங்கள் வீட்டில் பயறு கட்டினால், தாளிப்பதற்கு முன்னால் ஒரு தடவை மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்துவிடுவேன்.