படலையும் ஓட்டமும்

வளவின் படலையைத் திறந்தவர் விரும்பியபோது அதனை அடைக்கவும் கூடும். சிலிக்கன் கட்டுப்பாட்டுச் சீராக்கி என்னும் இலத்திரனியற் சாதனத்துக்கும் படலை ஒன்றுண்டு. ஆயின், அது திறக்க மாத்திரமே வல்லது. அச்சாதனத்தின் பயனும் அபாயமும் இவ்வியல்பிலேயே தங்கியுள்ளன.

1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ரிக் நிறுவனப் பொறியியலாளர் உருவாக்கிய இச்சாதனத்தில், பீ வகை, என் வகைக் குறைகடத்திப் படைகள் நான்கு மாறிமாறி அமைந்துள்ளன. அனோட்டு, கதோட்டு, படலை என முனைகள் மூன்று. பிணைந்து நிற்கும் இரு திரான்சிற்றர்களாக இதனைக் கருதலாம். அனோட்டு நேராக இருக்கும்போது படலையிற் சிற்றோட்டமொன்று கணப்பொழுது பாய்ந்தாற் போதும். ஒன்று மற்றதைத் தூண்ட, மற்றது முன்னதை மேலும் தூண்ட, சாதனம் முழுவதும் கடத்தத் தொடங்கும். பின்னர் படலைத் துடிப்பை நீக்கினும் ஓட்டம் நில்லாது. குறித்ததோர் எல்லைக்குக் கீழ் அவ்வோட்டம் தாழ்ந்தாலன்றிச் சாதனம் அடைபடாது.

ஆடலோட்டத்தில் அம்முடிவு தானே வந்து சேர்கின்றது. இலங்கையின் மின்வழங்கல் செக்கனுக்கு 50 வட்டங்கள் கொண்டது. ஆகவே ஒவ்வோர் அரைவட்டமும் 10 மில்லிசெக்கனில் முடிவுறும். நேர் அரைவட்டம் தொடங்கி 5 மில்லிசெக்கன் கழித்துத் தூண்டினால், வெப்பமாக்கி அவ்வரைவட்டத்தில் முழுமையாகப் பெறக்கூடிய சக்தியிற் பாதியையே பெறும். விளக்கின் ஒளியையும் மோட்டாரின் கதியையும் கட்டுப்படுத்தும் உபாயம் இதுவே.

நேரோட்டத்திலோ அத்தகைய ஓய்வில்லை. ஏற்றிவைத்த கொள்ளளவியின் துணைகொண்டு ஓட்டத்தைப் பலவந்தமாகத் தாழ்த்த வேண்டும். தொடக்குதற்கு ஒரு சிறு துடிப்புப் போதும். முடித்தற்கோ தனியொரு சுற்று வேண்டும். அன்றியும், அனோட்டின் அழுத்தம் சடுதியாக உயருமாயின், படலை தீண்டப்படாமலே சாதனம் கடத்தத் தொடங்கிவிடும். இதனைத் தவிர்த்தற்கெனத் தடையும் கொள்ளளவியும் சேர்ந்த காப்புச் சுற்றை அமைப்பர்.

கொதிப்புற்ற சமூகத்தில் வதந்தி தொழிற்படும் முறையும் இத்தகையதே. அதனைக் கிளப்பியவன் பின்னர் மறுத்துரைப்பினும் அது ஓய்வதில்லை. கேட்டவர் ஒருவரையொருவர் தூண்ட, அது தன்னைத்தானே தாங்கி நிற்கின்றது. சிலவேளை அழுத்தம் மிகுந்தவிடத்துச் சொன்னவன் இன்றியும் அது பிறக்கின்றது. சுற்றமைப்போன் ஓட்டம் எவ்வாறு நிற்கும் என்பதை வகுத்த பின்னரே படலைக்குத் துடிப்பை அனுப்புகின்றான். நாவின் படலையைத் திறப்போரும் அவ்வொழுங்கைக் கைக்கொள்ளக் கடமைப்பட்டவர்களே.