நெல் விளைந்த மனை

உணவு மேசையில் அமர்ந்ததும் சிலுவை அடையாளம் வரைந்து, அளித்தவருக்கு நன்றி கூறி உண்பது நம் இல்லங்களின் வழக்கம். அந்தச் சோறு எந்த வயலில் விளைந்தது, எவர் கை நாற்றை நட்டது என்று நாம் வினவுவதில்லை. அண்மையில் நம் தம்பியிடமிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வினாவை நம்முன் வைத்தது.

மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் தந்தையார் விட்டுச்சென்ற ஒன்றரை ஏக்கர் நன்செய் நம் இருவருக்கும் உண்டு. அதனை மனைப்பிரிவாக்க எண்ணும் தரகர் ஒருவர் நல்ல விலை கூறுவதாகவும், நம் கையொப்பம் மட்டுமே தேவை என்றும் தம்பி சொன்னார். விற்றுவிடலாம் என்றே நமக்கும் முதலில் தோன்றியது.

அன்று மாலை சேலையூர் ஏரிக்கரையோரம் நடந்தபோது பழைய நினைவொன்று எழுந்தது. 1980களின் இறுதியில் இராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு கிரவுண்டு மனை வாங்கி, கடைக்கால் தோண்டினோம். கறுத்த களிமண்ணாகவே வந்தது. மண் சுமந்த மூதாட்டி ஒருவர், "இங்கேதான் ஐயா நான் நாத்து நட்டேன்" என்றார். புன்னகையோடு கேட்டோம், மறந்தும்விட்டோம்.

இப்போது கணக்கிட்டுப் பார்த்தோம். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. ஏக்கருக்கு 2 டன் நெல் என்று கொண்டால், அம்மனையில் ஒரு போகத்திற்கு 110 கிலோ நெல் விளையும். அரிசியாக ஏறத்தாழ 70 கிலோ தேறும். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியத்தை உரிமையாக்கியது. ஆண்டுக்கு 60 கிலோ. அதாவது, ஒருவருடைய ஓராண்டு உரிமைக்கும் மேற்பட்ட அரிசி விளைந்த நிலத்தின்மீது நாம் கட்டில் போட்டு உறங்குகிறோம்.

வீடு கட்டியது பாவம் என்று கூற வரவில்லை. தலைசாய்க்க இடம் எல்லார்க்கும் வேண்டும். ஆனால் ஏரி மாவட்டம் என்று பெயர்பெற்ற செங்கல்பட்டில் வயலும் ஏரியும் ஓருடல். சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம் என ஓர் ஏரியின் கலங்கல் வழிந்து மறு ஏரியை நிரப்பி, இறுதியில் பள்ளிக்கரணைச் சதுப்பை அடையும். ஆயக்கட்டு மறைந்தபின் மதகைக் காப்பவர் எவர்? சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் பருவப் பெயர்களையே நம் பிள்ளைகள் அறியார். ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் லாரியில் வரும் மூட்டையே அவர்கள் அறிந்த வயல்.

"கிடங்குகள் நிறைந்திருக்கின்றன, 2011 முதல் நம் மாநில நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றியே கிடைக்கிறது, அச்சம் எதற்கு?" என்று வாசகர் கேட்கலாம். 1965, 1966ஆம் ஆண்டுகளின் வறட்சியை நாம் சிறுவராய் அறிவோம். வாரத்தில் ஒருவேளை உணவைத் துறக்குமாறு பிரதமர் சாஸ்திரி நாட்டை வேண்டினார். அமெரிக்கக் கோதுமை கப்பலில் வந்தது. பங்கு ஆலய முற்றத்தில் பால்மாவுக்காக நாமும் பாத்திரத்தோடு வரிசையில் நின்றோம். அந்நிலை மாறியது சி. சுப்பிரமணியம், எம்.எஸ். சுவாமிநாதன் போன்றோரின் முயற்சியாலும், எண்ணற்ற உழவர்களின் வியர்வையாலும்.

அம்மாற்றம் என்றும் நிலைக்கும் என்பதற்கு உறுதியில்லை. அண்டை இலங்கை 2021இல் இரசாயன உரங்களைத் திடீரெனத் தடைசெய்து, அவ்வாண்டு நவம்பரிலேயே பின்வாங்கியது. ஆயினும் பெரும்போக நெல் விளைச்சல் வீழ்ந்தது. 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நிறுத்தியபோது, உலகச் சந்தையில் விலை உயர்ந்து, அரிசியை வாங்கி உண்ணும் ஏழை நாடுகள் கலங்கின. 2024 செப்டம்பரில்தான் அத்தடை நீங்கியது. அந்த 2024ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 67 கோடிப் பேர் பசியில் வாடினர் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை. 2022இல் மட்டும் 105 கோடி டன் உணவு இல்லங்களிலும் உணவகங்களிலும் கடைகளிலும் வீணாயிற்று என்பதும் ஐ.நா. கணக்கே. அதில் பெரும்பங்கு வீணானது இல்லங்களில் என்பதைப் படித்தபோது, நம் வீட்டுக் குப்பைக்கூடை நினைவுக்கு வந்தது.

மறுவாரம் மதுராந்தகம் சென்றோம். நம் நிலத்தைக் குத்தகைக்கு உழும் பெரியவருக்கு அறுபது வயதைக் கடந்துவிட்டது. மகன் ஒரகடத்தில் தொழிற்சாலைப் பணியில் இருக்கிறார். "நடவுக்கு ஆள் கிடைக்கல, அறுவடை மிஷினுக்கு வாடகை, அறுக்கிற நேரத்துல மழை. மிஞ்சறது வைக்கோல்தான் ஐயா. ஆனா நிலத்தைச் சும்மா போட மனசு வரல" என்றார். 2025-26 பருவத்திற்கு மத்திய அரசு குறித்த ஆதரவு விலை சாதாரண நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். ஒரு கிலோ நெல்லுக்கு 24 ரூபாய்கூட இல்லை. திருமண விருந்தின் ஓர் இலைக்கு நாம் செலவிடுவது எவ்வளவு?

விற்க மனமில்லை என்று தம்பியிடம் சொன்னோம். "அண்ணே, உங்களுக்கு ஓய்வூதியம் வருது. என் மகள் கல்யாணத்துக்கு எனக்கு என்ன வருது?" என்று கேட்டார். நம்மிடம் மறுமொழி இல்லை. நிலத்தைக் காக்கும் அறத்தை, அதற்கு வசதியுள்ளவர் பிறர்மேல் சுமத்துவது எளிது. பல நாள் பேசியபின், ஓராண்டு பொறுக்கத் தம்பி அரைமனத்தோடு இசைந்தார். அவ்வாண்டின் குத்தகையில் நம் பங்கை உழுபவருக்கே விட்டோம். திருமணச் செலவில் ஒரு பகுதியை ஏற்றோம். அடுத்த ஆண்டு என்ன நேரும் என்பதை அறியோம்.

ஆண்டவர் கற்பித்த செபத்தில் அன்றாட உணவை 'எனக்கு' என்று நாம் கேட்பதில்லை. 'எங்களுக்கு' என்றே கேட்கிறோம். அந்த 'எங்களுக்கு' என்னும் சொல்லில் நாற்று நட்ட மூதாட்டியும், மதுராந்தகத்துப் பெரியவரும், மகளுக்கு மணம் பேசும் தம்பியும் அடங்குவர். இப்போதெல்லாம் சிலுவை அடையாளம் வரைந்தபின் சற்றுநேரம் தயங்கியே முதல் கவளத்தை எடுக்கிறோம்.